ஜிம்னிக்குள் இரண்டு பேர் தூங்க மரக்கட்டில் தேவையா?

கேள்வி இதுதான். கோவைக்காரர் ஒருவர் ஐந்து கதவு மாருதி ஜிம்னி வைத்திருக்கிறார். அவர் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், மனைவி ஐந்தடி மூன்று. ஆகஸ்டு கடைசியில் மணாலி வழியாக லே போகிறார்கள். அறை கிடைக்காத இடங்களில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ள நினைக்கிறார்கள். ஊரில் ஓர் ஆசாரி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அடியில் இழுப்பறை வைத்து, 18 மி.மீ. பிளைவுட்டில் கட்டில் செய்து தருகிறேன் என்கிறாராம். செய்யலாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஜிம்னி மாதிரி வண்டிக்குள் கிடைப்பதற்கு அரிய பொருள் உயரம். அதை இழுப்பறைக்குக் கொடுத்துவிட்டால் வேறு எதைக் கொண்டும் ஈடு கட்ட முடியாது.

படுக்கை என்றதும் எல்லாரும் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். முதலில் நீங்கள் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 90 செ.மீ. வரும். படுக்கையின் மேல்பரப்புக்கும் கூரைக்கும் நடுவே அந்த அளவு இல்லாவிட்டால் உள்ளே உட்கார முடியாது. ஜிம்னியின் வெளி உயரம் 1,720 மி.மீ. அதில் 210 தரை இடைவெளிக்குப் போகிறது. ஏணி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்காரும் லேடர் ஃபிரேம் வண்டி என்பதால் அதற்கு மேல் சட்டம், அதற்கும் மேல்தான் தரைத் தகடு. மிச்சமிருக்கும் உயரத்தில் 30 செ.மீ. பெட்டி, மேலே மெத்தை என்று போட்டால் படுத்தபடியே சட்டை மாற்றி, படுத்தபடியே தண்ணீர் குடிக்க வேண்டும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் மாலை ஆறு மணிக்கு உள்ளே போகிறவர்கள் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். பன்னிரண்டு மணி நேரம் உட்காரக்கூட முடியாமல் இரண்டு பேர் கிடப்பது சிரமம்.

அடுத்தது எடை. எட்டுக்கு நாலு 18 மி.மீ. பிளைவுட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். ஷீட் ஒன்றரை ஆகும், சேனல், கீல், கைப்பிடி எல்லாம் சேர்த்தால் 50 கிலோவைத் தாண்டிவிடும். ஜிம்னியின் வெற்று எடை மாடலுக்கு ஏற்றபடி 1,195 முதல் 1,210 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. ஆக, ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது சுமார் 340 கிலோ. நீங்கள் இருவர் 140 என்றால் மிச்சம் 200. அதில் கால்வாசியை மரத்துக்குக் கொடுப்பதா? டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 1,000 மீட்டர் ஏறினால் சுமார் பத்து சதவீதச் சக்தி குறையும். 5,000 மீட்டர் கணவாயில் கிட்டத்தட்ட பாதி எஞ்சினோடு ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி.யில் நாலு சீட் என்று இருக்கும் வண்டியில் இரண்டைக் கழற்றிவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவது, வழியில் போலீஸிடமும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடமும் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

சரி, வேறு என்ன வழி? ஜிம்னியிலேயே இருக்கிறது. முன் சீட்டுகளின் ஹெட்ரெஸ்டைக் கழற்றி, சீட்டை முன்னால் தள்ளி, சாய்மானத்தை முழுக்கப் படுக்க வைத்தால் அது பின் சீட்டோடு போய்ச் சேரும். வலது பக்கம் ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசை, நடுவில் கன்சோல். தலை பின் சீட்டில், கால் டாஷ்போர்டு பக்கம். கட்டில் போட்டுவிட்டு இருவரும் ஒரே அகலத்தைப் பங்கு போடுவதை விட, ஆளுக்கு ஒரு தனி வரிசை இருப்பது நல்லது. ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தூக்கம் கலையாது. உட்காரவும் முடியும், ஏனென்றால் பின் சீட்டு இருந்த உயரத்திலேயே இருக்கிறது.

குறை என்னவென்றால் அது சமமாக இருக்காது. தொடைக்கும் முதுகுக்கும் நடுவே பள்ளம், சாய்மானத்தின் இரண்டு ஓரத்திலும் மேடு, பின் சீட்டோடு சேரும் இடத்தில் இன்னொரு பள்ளம். அப்படியே படுத்தால் காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்தப் பள்ளங்களை அடைப்பதுதான் உங்கள் முழு வேலையும். ஆசாரியிடம் வளைவில்லாத ஆறடி ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் ஒன்று வாங்குங்கள். சீட்டைப் படுக்கவைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ரீப்பரை மேலே கிடத்துங்கள். பதினைந்து செ.மீ.க்கு ஒரு தடவை ரீப்பருக்கும் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் வரைந்தால் ஆப்பு ஆப்பாகச் சில வடிவங்கள் கிடைக்கும். அந்த வடிவத்தில் ஃபோம் கடையில் வெட்டித் தருவார்கள்.

எந்த ஃபோம் என்பது முக்கியம். பள்ளம் அடைக்க ஈ.பி.ஈ. ஃபோம், அதாவது சில டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை நிறத்து, வளையும் வகை; தெர்மகோல் இல்லை. அது தண்ணீரை உறிஞ்சாது, அழுத்தினால் அமுங்கிப்போகாது, எடையும் இல்லை. அதன் மேல் ஒன்றரை அங்குலத்துக்கு 40 டென்சிட்டி பி.யு. ஃபோம், கழற்றித் துவைக்கிற மாதிரி துணி உறை போட்டு. வெறும் பி.யு. ஃபோமையே பள்ளத்துக்கும் வைத்தால் இடுப்பு எடைக்கு அமுங்கி, பழையபடி பள்ளம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து ஓரங்களைச் சீட்டுக்குள் செருகிவிடுங்கள். கெட்டியான பருத்தி நெசவு, கீழே இருக்கும் துண்டு ஃபோம்களை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பகலில் சுருட்டி டிக்கியில் போட்டுவிடலாம்.

கால் பக்கத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் உயரத்துக்குப் பாதம் சீட்டு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். விடிய விடிய அப்படி இருந்தால் முழங்கால் பின்புறம் வலிக்கும். துணிப்பை ஒன்றை அளவாக அடைத்து, கால் வைக்கும் பள்ளத்தில் சீட்டு உயரத்துக்கு நிறுத்தி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். ஸ்டீயரிங் இல்லாத இடது வரிசை உங்களுக்கு, வலது வரிசை உங்கள் மனைவிக்கு. அவர் பக்கம் ஸ்டீயரிங்கை முழுக்க மேலே தூக்கிவிட்டால் இடம் போதும். காலையில் கிளம்பும் முன் அந்தப் பையை பெடல் பக்கத்திலிருந்து எடுத்தாயிற்றா என்று கட்டாயம் பாருங்கள்.

சாமான் எங்கே போகும்? பின் சீட்டு மடங்காததால் டிக்கியின் 208 லிட்டரும் அப்படியே இருக்கிறது. படுக்கவைத்த சாய்மானத்துக்குக் கீழே, பின் சீட்டு கால் பள்ளம் இரண்டும் காலி. பின் கதவைத் திறந்தால் கைக்கு எட்டும். ஆகவே சூட்கேஸ் வேண்டாம், மெத்தென்ற பைகள் மட்டும். ஜிம்னியின் டிக்கி கதவு பக்கவாட்டில் திறப்பதால் மேலே தூக்கும் கதவு மாதிரி மழைக்கு மறைவு தராது. சமைக்க, செருப்பு கழற்ற, கூரையிலிருந்து ஒரு சின்ன தார்ப்பாயை இழுத்துக் கட்ட வழி செய்துகொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவர் என்றால், இடது பக்கம் மட்டும் ஒரு வரிசை கட்டி, வலது பக்கம் முழுவதையும் சாமானுக்கு விட்டுவிடலாம். அதை விட வசதியான ஏற்பாடு ஜிம்னியில் இல்லை. மரம் போட்டே ஆக வேண்டும் என்றால் 12 மி.மீ. பலகை, தாழ்வாக, இரண்டாக மடங்கும்படி, ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கும்படி செய்யுங்கள். தரையில் துளை போட வேண்டாம். அடியில் ஒயரிங்கும் பெட்ரோல் குழாயும் ஓடுகின்றன. கட்டாத பலகை, சடன் பிரேக் போட்டால் நேராக உங்கள் பிடரிக்குத்தான் வரும்.

இனி வண்டியை நிறுத்துவது. பக்கவாட்டுச் சாய்வு இருந்தால் எந்த மெத்தையும் உதவாது, உடம்பு ராத்திரி முழுக்கச் சரிந்துகொண்டே இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றை வண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் குமிழி நடுவில் வரும்வரை தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் தட்டையான கல்லோ கட்டையோ வைத்து ஏற்றுங்கள். நீளவாக்கில் தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கலாம். உங்கள் ஏற்பாட்டில் தலை பின்னால் என்பதால் முன்மூக்கு சற்றே இறங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது ரிவர்ஸ் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னால் கல் வையுங்கள். இரண்டு சக்கர, நாலு சக்கர இயக்கத்தை மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவரில் நியூட்ரல் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: லீவர் அந்த நிலையில் இருந்தால் கியர் போட்டிருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்காது. பார்த்துவிட்டுப் படுங்கள்.

இரவில் ஆளை அதிகம் தொந்தரவு செய்வது குளிரை விட ஈரம்தான். இரண்டு பேர் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் ஒரு பெரிய டம்ளருக்கு மேல் தண்ணீர் வெளியேறும். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் அது கண்ணாடியிலும் தகட்டிலும் நீராகப் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். உறக்கப்பை நனைந்தால் மறுநாள் கதகதப்பு போய்விடும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கண்ணாடிகளை, ஒன்று முன்னால் ஒன்று பின்னால், விரற்கடை அளவு இறக்கி வையுங்கள். கண்ணாடிக்கு மேலே ஒட்டும் டோர் வைசர் இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. சமவெளியில் படுக்கும்போது கதவுச் சட்டம் முழுக்க உறை மாதிரி மாட்டும் கொசுவலை கிடைக்கிறது, அதைப் போட்டுக் கண்ணாடியை இன்னும் இறக்கலாம். கண்ணாடிகளுக்குப் பபுள் ஃபாயில் ஷீட்டை அந்தந்த அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டால் குளிரும் மறையும், வெளியிலிருந்து பார்வையும் மறையும். ஓட்டும்போது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். காலையில் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, ஹீட்டரை வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து ஓட்டினால் அரை மணியில் காய்ந்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியோ ஹீட்டரோ போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனியோ சேறோ புகைக்குழாயை அடைத்தாலும், குழாயில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் அது உள்ளே வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. கேஸ் அடுப்பு, கரி போட்ட அங்கீட்டி, கொசுவர்த்திச் சுருள், மூன்றுக்கும் இதே விதி. வண்டிக்குள் எதுவும் எரியக் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

பெட்ரோல் கேனும் இதோடு சேர்ந்ததே. மணாலிப் பாதையில் லாஹுலின் தண்டியில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய பெயர்பெற்ற பலகை இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து பலர் உள்ளே கேனை அடுக்குகிறார்கள். உங்கள் டேங்க் 40 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 480 வருகிறது. தண்டியில் நிரப்பிக்கொண்டால் கேன் தேவையில்லை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தாழ்வாகத் தேங்கும். நீங்கள் படுத்திருப்பதும் அந்த உயரத்தில்தான்.

குளிருக்கு வண்டியின் தகடு பெரிதாக உதவாது. காற்று அடிக்காது, அவ்வளவுதான். ஆகஸ்டு கடைசியிலும் மணாலி-லே பாதையில் உள்ள சர்ச்சு பக்கம் இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். உறக்கப்பை வாங்கும்போது உறையில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள். அதில் கம்ஃபர்ட் என்று இருப்பதை மட்டும் பாருங்கள், அது மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரீம் என்று இருப்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூங்குவதற்கானது இல்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LFP) வகைப் பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப்போகும் பெரிய பேட்டரி எடுத்துப்போனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. படுக்கும் முன் உள் விளக்கைக் கதவோடு எரியாத நிலைக்கு மாற்றிவிடுங்கள், வண்டி பேட்டரி காலையில் கைகொடுக்கும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு உங்கள் கட்டிலை விடக் கவலை தருவது உங்கள் பாதைதான். எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்ற சுதந்திரம் மலையில் ஆபத்தாகவும் முடியும். உயரத்துக்கு உடம்பு பழகுவது எவ்வளவு உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மணாலி சுமார் 2,000 மீட்டர். ஜிஸ்பா 3,200. அடுத்த இரவு சர்ச்சுவில் என்றால் 4,300, பாங் என்றால் 4,600. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். லேயே 3,500தான். அதாவது இந்தப் பாதை, சேர வேண்டிய ஊரை விட உயரமான இடத்தில் உங்களைத் தூங்க வைக்கிறது, அதுவும் உடம்பு தயாராகாத நேரத்தில்.

ஆகவே தலைகீழாகப் போங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600, அங்கிருந்து சோஜி லா கணவாய் தாண்டி கார்கில் 2,700, பிறகு லே 3,500. நடுவில் ஃபோட்டு லா கணவாய் 4,100 என்றாலும் ஏறி இறங்கிவிடுகிறீர்கள், அங்கே தூங்கவில்லை. லேயில் இரண்டு மூன்று நாள் இருந்து பழகிய பிறகு, மணாலி வழியாகத் திரும்பும்போது சர்ச்சுவில் வண்டியை நிறுத்திப் படுங்கள். அப்போது அது நல்ல இரவாக இருக்கும். விடுப்பு நாள்களில் ஒன்றிரண்டு கூடினாலும் பரவாயில்லை.

அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு வேகமாக வருவது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே இறங்க வேண்டும். வண்டிக்குள் படுப்பதன் பெரிய வசதியே அதுதான், ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். அதற்காகவே சாவியும் டார்ச்சும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வண்டி வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் அங்கே வேண்டாம். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் போன்ற மாத்திரையை எடுப்பதா என்பதைக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நிறுத்த இடம் தேடும்போது தாபா முற்றம்தான் என் முதல் தேர்வு. இரவுச் சாப்பாடு அங்கேயே சாப்பிட்டுவிட்டு அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கழிப்பறையும் கிடைக்கும். பெண்கள் இருக்கும்போது இது பெரிய விஷயம். ஆற்று மணலில் நிறுத்த வேண்டாம். பனி உருகும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருந்து, பிற்பகலுக்கு மேல் பெருகும். மேலே உதிர்ந்த கற்கள் கிடக்கும் சரிவுக்குக் கீழேயும் வேண்டாம். ராணுவ இடம் என்று பலகை இருந்தால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். லடாக்கின் சோ மொரிரி மாதிரி ஏரிகளின் கரை பாதுகாக்கப்பட்ட ஈரநிலம், கிராமத்துப் பக்கம் தள்ளி நிறுத்துங்கள்.

பூட்டுவது பற்றிச் சின்னதாக: உள்ளிருந்து கதவுப் பொத்தானால் பூட்டுங்கள், ரிமோட்டால் வேண்டாம். சில வண்டிகளில் ரிமோட்டால் பூட்டினால் உள்ளே அசைந்ததும் அலாரம் அலறும். பின் கதவுகளின் சைல்டு லாக் எடுத்துவிட்டிருக்க வேண்டும், தலைமாட்டுக் கதவு அதுதான்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு வீட்டு வாசலிலேயே இருவரும் ஓர் இரவு முழுக்க வண்டியில் படுங்கள். பத்து நிமிடம் படுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். எது உறுத்துகிறது என்பது மூன்று மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். உறுத்திய இடத்தில் உடனே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத் தூங்குங்கள், காலையில் ஃபோம் கடைக்குப் போகும்போது எங்கே அரை அங்குலம் கூட்ட வேண்டும், எங்கே செதுக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. இரண்டாவது தடவை படுத்தும் உங்கள் கால் டாஷ்போர்டில் முட்டுகிறது என்றால் ஜிம்னியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாலு கிலோவுக்குள் வரும் இருவர் கூடாரம் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு, வண்டிப் படுக்கையை மழைக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.